படம் எடுத்த பாம்புகள் மட்டும்

அன்று காலை காட்சிக்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரத் துரை இருந்தார். காட்சிக்கூடத்துக்கு அவர்தான் மேலதிகாரி. லண்டனில் படித்துவிட்டு வந்த சீன ஓவியர் இருந்தார். மலாய்க்காரக் காவலர் வாசற்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றார். கிராணி, அதாவது குமாஸ்தா, என்ற முறையில் நான் இருந்தேன். நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கிலிருந்து வந்த மூன்று தமிழர்கள் இருந்தார்கள், ஆளுக்கொரு உயிருள்ள பாம்போடு. வராதவை புகைப்படங்கள். ஒன்றுகூட வரவில்லை. என் அப்பாவும் அங்கே இல்லை. முனிசிபல் ஆட்களோடு எங்காவது சாக்கடை தோண்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

மலாய் நாட்டின் சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. ஊர் முழுக்கத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றோரத்துப் பழைய கட்டடத்தில் இருந்த எங்கள் காட்சிக்கூடமும் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. அதனிடம் இருந்தவை கொஞ்சம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தெனுக் நின்றது. பன்றி உடம்பும், யானையாகத் தொடங்கிப் பாதியில் மனம் மாறிய மூக்குமாக இருக்கும் காட்டு மிருகம் அது. பாடம் செய்து பல வருடம் ஆனதால் வயிற்றுத் தையல் விட்டு வைக்கோல் தெரிந்தது. சுவரில் வண்ணத்துப்பூச்சிகள் குத்தப்பட்ட பலகைகள் இருந்தன. எறும்பு தின்றுவிட்டதால் பெரும்பாலும் ஊசிகளே மிச்சம்.

ஓவியர் அவற்றைப் பார்த்த முதல் நாளே, "இது காட்சிக்கூடம் இல்லை, சவக்கிடங்கு" என்றார். சுதந்திரம் மனிதர்களுக்கு மட்டும் வரவில்லையாம். இந்த ஊரில் வாழும் தவளைக்கும் உடும்புக்கும் அதில் பங்கு உண்டாம். ஆகவே ஊர் மக்களே தங்கள் வீட்டுப் பக்கம் வாழும் உயிர்களைப் புகைப்படமாகவோ கையால் வரைந்தோ கொண்டுவந்து தர வேண்டும்; அவற்றால் சுவர்களை நிரப்ப வேண்டும்; அதுவே இக்காலக் கலை என்றார். துரைக்குக் கலை பிடிபடவில்லை, சுவரை நிரப்பலாம் என்பது பிடிபட்டது. அவர் உடனே உயிர்களைப் பங்கிட்டார். மலாய்க்காரர்களுக்குப் பறவைகள். சீனர்களுக்கு மீன்கள். தமிழர்களுக்குப் பாம்புகள். ஏன் என்று ஓவியர் கேட்டதற்கு, "அவர்களுக்குப் பழக்கம் இருக்குமே" என்றார்.

தமிழ் அறிவிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு அப்போது இருபது வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளி, பிறகு இங்கிலீஷில் ஐந்தாம் பாரம். காட்சிக்கூடத்தில் ஆறு மாதத் தற்காலிகக் கிராணி. கண்காட்சி நல்லபடியாக நடந்தால் வேலையை நிரந்தரம் ஆக்குவதாகத் துரை வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொன்னது என் தவறு. அப்பா மறுநாளே, "எம்மவனுக்கு மூசியத்துல பெர்மனன்ட் ஆயிருச்சு" என்று கோப்பிக் கடையில் சொல்லி, அங்கிருந்த அத்தனை பேருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த வேலை கிடைக்காமல் போனால் காஜா பெராங்கின் எந்தத் தெருவிலும் சடக்கிலும் அவர் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்கிற நிலைமை அன்றே உண்டாகிவிட்டது.

அதனால் அந்த அறிவிப்பை நான் மிகுந்த கவனத்தோடு எழுதினேன். பாம்பின் புகைப்படங்கள் என்று எழுதினால் கையால் வரைந்ததைக் கொண்டுவர மாட்டார்களே என்று யோசித்துப் 'படம்' என்ற பொதுச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அச்சகத்திலிருந்து வந்தது இதுதான்:

'நமது ஊர்ப் பாம்புகள் தேவை. படம் எடுத்த பாம்புகள் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும். படம் எடுக்காத பாம்புகளைக் கொண்டுவருவோர் திருப்பி அனுப்பப்படுவர். பெரிய படங்களுக்கு முன்னுரிமை. மடிந்த படங்கள் செல்லா. படத்தின் பின்புறத்தில் பெயரும் முகவரியும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு படத்திற்கு இரண்டு வெள்ளி அன்பளிப்பு. பெற்றுக்கொண்டவை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டா.'

மூன்று தடவை திருத்திப் படித்தேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஜாலான் பெண்டஹாராவின் துணிக்கடைத் தூண்களில் நான் ஒட்டினேன். காஜா பெராங் பக்கம் ஒட்டுகிற வேலையை அப்பா வாங்கிக்கொண்டார். அவருக்கு எழுத்து தெரியாது. மேல் எது கீழ் எது என்று தெரிவதற்காக மேல்மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

அந்த அறிவிப்புக்குத்தான் மூன்று பேர் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்து மாட்டுக்காரர் ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தலையிலிருந்து இறக்கினார்.

"தம்பி, பாம்பு கொண்டாந்தாச்சு. எங்க வெக்கட்டும்?"

"அண்ணே, இது உயிரோட இருக்கே?"

"செத்தா படம் எடுக்குமாய்யா?"

அந்த ஒரு நொடியில்தான் நான் எழுதியது என்னவென்று எனக்கு விளங்கியது. யார் யாரைப் படம் எடுக்க வேண்டும் என்பதை நான் எழுதவே இல்லை.

மாட்டுக்காரர் டின்னைத் தட்டினார். கறுப்பு நாகம் ஒன்று எழுந்து, கழுத்தை அகல விரித்து எங்களைப் பார்த்தது. காவலர் உள்ளே வைத்திருந்த காலையும் வெளியே எடுத்துக்கொண்டார்.

"பின்னால பேரு, வெலாசம் எழுதணும்னு போட்டிருந்தீங்க. சாக்கட்டியால எழுதிப் பாத்தேன், திரும்ப மாட்டேங்குது. அதான் டின்னுல எழுதிட்டேன். பரவால்லியா?"

அடுத்தவர் கோப்பிக் கடைக்காரர். அவர் பானையின் வாயில் கட்டியிருந்த துணியைப் பாதி விலக்கி, "எனக்கு மொதல்ல பதிஞ்சுக்குங்க, தம்பி. மடிஞ்சா செல்லாதுல்ல? இது இப்ப மடிச்சிரும்" என்று அவசரப்படுத்தினார்.

மூன்றாமவர் நகைக்கடை ஒன்றில் காவல் வேலை பார்த்தவர். அவருடைய சாக்கிலிருந்து வெளிவந்த பாம்பு நீளமாகத் தரையில் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கும் எண்ணமே அதற்கு இல்லை.

"இது படம் எடுக்கலியே, அண்ணே."

"நேத்து எடுத்துச்சு, தம்பி. பிள்ளைங்க எல்லாம் பாத்துச்சுங்க. இங்க ஆளுங்களக் கண்டு கூச்சப்படுது."

"யோவ், அது சாரைய்யா" என்றார் மாட்டுக்காரர். "சாரை எந்தக் காலத்துலய்யா படம் எடுத்துச்சு?"

"சொதந்திரம் வரப்போவுதுய்யா. இனிமே எது எது என்னென்ன எடுக்கும்னு யாரு கண்டா?"

துரை தன் அறையிலிருந்து வந்தார். "இவர்கள் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள்?" என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"பாம்புகள், சார்."

"படங்கள் எங்கே?"

"பாம்புகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன, சார்" என்று சொல்லிவிட்டேன். தமிழில் நினைத்ததை அப்படியே இங்கிலீஷில் சொன்னதால் அவருக்குப் பாம்புகள் கையில் கேமராவோடு நிற்பதுபோல் கேட்டிருக்க வேண்டும். என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, அறிவிப்பை வரிக்கு வரி இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். சொன்னேன். பொய் சொல்ல வரவில்லை. பின்புறத்தில் முகவரி எழுதும் இடம் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நாகத்தின் படத்துக்குப் பின்னாலா?"

"ஆமாம், சார்."

"தெளிவாகவா?"

"ஆமாம், சார்."

சுவரோரமாக நின்ற ஓவியர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

துரை கெட்டவர் அல்ல. அவர் வேலையும் என்னுடையதைப்போலத் தற்காலிகம்தான். இரண்டு மாதத்தில் கப்பல் ஏற வேண்டியவர். என்னைத் தூணோரமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். "இது பிழை என்று சொல். அச்சுக்காரனின் பிழை என்று கோப்பில் எழுதிக்கொள்கிறேன். இவர்களைப் பாம்போடு வெளியே அனுப்பிவிடலாம். உன் வேலைக்கு ஒன்றும் வராது."

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது வாசலில் காவலர் யாருக்கோ அவசரமாக வழிவிடும் சத்தம் கேட்டது. அப்பா நின்றிருந்தார். முழங்கால்வரை சேறு, கையில் மூடி போட்ட பெரிய பிஸ்கட் டின். மூடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டிருந்தார். டின்னின் மேல்மூலையில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்திருந்தார்.

"மண்டோர்கிட்ட ஒரு மணி நேரம் லீவு கேட்டு வந்தேன்" என்றார். "பெரிய படத்துக்குத்தான மொதல் எடம்? இது எம்புட்டு அகலம் விரிக்குது பாரு."

திறந்தார். இரண்டு கையையும் சேர்த்து விரித்ததுபோல அகலம். அது எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஓவியரின் மூக்குக் கண்ணாடியைக் குறிவைத்துத் துப்பியது. எங்கள் பக்கத்துக் கறுப்பு நாகம் விஷத்தைத் துப்பும். ஓவியர் கண்ணாடியைக் கழற்றி, அதில் வழிந்த துளிகளை விலைமதிப்பற்றதைப்போலப் பார்த்தார்.

"என்ன, பிழைதானே?" என்றார் துரை.

பிழை என்று சொன்னால், அப்பா அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். தன் மகன் எழுதியது தப்பு என்று எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

"பிழை இல்லை, சார்" என்றேன். "நல்ல தமிழ்தான்."

துரை நெற்றியைத் தடவினார். "அப்படியானால் இதற்கான செலவு முழுவதும் உன் சம்பளத்தில்."

"சரி, சார்."

பாம்புக்காரர்கள் அன்பளிப்பு வாங்கிக்கொண்டார்கள். பாம்புகளைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. மாட்டுக்காரர் மடியிலிருந்து அறிவிப்பையே எடுத்துக் காட்டினார். "எக்காரணம் கொண்டும் திருப்பித் தர மாட்டோம்னு போட்டிருக்கீங்க. அப்புறம் தந்தா எப்படி? கவர்மென்டு பேச்சுக்கு ஒரு மரியாத வேணாமா?" சாரை கொண்டுவந்தவருக்கு விதிப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பஸ்ஸில் வந்த களைப்பு பாம்புக்கும் உண்டு என்று வாதாடி ஒரு வெள்ளி வாங்கினார். அந்தச் சாரையை மட்டும் ஆற்றோரப் புதரில் விட்டோம்.

மிச்சம் மூன்று நாகங்கள், காலியாக ஒரு சுவர், திறப்பு விழாவுக்கு இரண்டு நாள். பறவைச் சுவரும் மீன் சுவரும் நிறைந்திருக்கப் பாம்புச் சுவர் மட்டும் வெறுமையாக இருந்தால் புதிய அரசாங்கத்துப் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள் என்று துரை கலங்கினார். ஓவியர்தான் தெனுக்கை வெளியே எடுத்துவிட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டியில் நாகங்களை வைக்கலாம் என்றார். ஒன்றை ஒன்று தின்னாமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்றார் அப்பா. அதற்குச் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறித் தமிழை மறந்துவிட்ட செட்டி வம்சத்துத் தச்சர் ஒருவரைக் கூட்டிவந்தேன். நெற்றியில் பட்டையாக விபூதி, பேச்சு முழுக்க மலாய். தமிழ் படிக்க வராது. அறிவிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மலாயில் சொன்னேன். பாம்பின் படம் கேட்டிருக்கிறோம் என்றுதான் மலாயில் வந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படம் கேட்டீர்கள், சரி. இந்தப் பாம்புகள் எதற்கு?" என்றார். ஒரு மணி நேரம் விளக்கியும் அவருக்கு அது புரியவில்லை. தமிழுக்கு வெளியே என் பிழைக்கு உயிரே இல்லை.

தெனுக்கை வைக்க இடமில்லாமல் துரையின் அறையில் வைத்தோம். கண்காட்சி நடந்த மூன்று நாளும் அவர் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கடிதங்களில் கையெழுத்துப் போட்டார்.

பாம்புச் சுவரின் நடுவில் ஓவியர் ஒரே ஒரு சட்டத்தை மாட்டினார். அதற்குள் என் அறிவிப்பு இருந்தது. "இந்தக் கட்டடத்தில் உயிர் உள்ள எழுத்து இது ஒன்றுதான்" என்றார். திறப்பு விழாவன்று துரை விருந்தினர்களை அதன் முன்னால் நிறுத்தி, இது பாம்புகளைப் பற்றிய பழந்தமிழ்ச் செய்யுள் என்று விளக்கினார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். பின்னால் நின்ற தமிழர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள்.

அப்பா மூன்று நாளும் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு. கூட்டம் வரும்போது பெட்டிக்கு முன்னால் துண்டை அசைப்பார், நாகங்கள் எழுந்து படம் எடுக்கும், கண்ணாடியில் துப்பும், காவலர் வெளிப்பக்கமாகத் துடைப்பார். துப்பியது உட்பக்கம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "துடைப்பது என் கடமை" என்றார்.

பாம்பைக் கண்டதும் மண்வெட்டியைத் தேடுகிற ஆட்கள்தான் வந்தவர்கள் எல்லோரும். அவர்கள் ஒரு பாம்பை நின்று பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு யாரும் சும்மா போகவில்லை. "எங்க லோங்காங்குல இதவிடப் பெருசு ஒரு உடும்பு இருக்கு, எழுதிக்குங்க, தம்பி" என்றார் ஒருவர். லோங்காங் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் சாக்கடை. எழுதி வைத்தேன். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். கூரையில் குட்டி போட்ட மூசாங் என்கிற மரநாய், தெங்கேராவில் மீன் குழம்பை நக்கிவிட்டுப் போகும் நீர்நாய், விளக்கடியில் ஒரே இடத்தில் நான்கு வருடமாக உட்காரும் தேரை. தேரையின் வயதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் என் மேஜை முன்னாலேயே சண்டை போட்டார்கள். எழுதத் தெரியாத ஆட்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஓவியர் ஒட்டினார். மூன்றாம் நாள் அந்தச் சுவரில் சுண்ணாம்பு தெரியவில்லை.

நான்காம் நாள் துரையின் கடிதம் வந்தது. தமிழ் எழுத்து வேலைகள் சிறப்பாக முடிந்துவிட்டதால் என் சேவை இனித் தேவைப்படாது என்று இருந்தது. 'சிறப்பாக' என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தார். பாம்புகளை நானே அகற்ற வேண்டும் என்பது கடைசி வரி.

அப்பாவும் நானும் நாகங்களை மூன்று டின்களில் அடைத்துத் தூக்கிக்கொண்டு கிளேபாங் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் தமிழர்.

"டின்னுல என்னாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "படம். மூசியத்துப் படம்" என்றார்.

"படம்னா லக்கேஜ் இல்ல" என்று எங்கள் இருவருக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.

கிளேபாங்கில் கடலுக்கு முன்னால் இருந்த புதர்க்காட்டில் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டோம். அப்பாவுடையது மட்டும் போகாமல் நின்று, இன்னொரு தடவை படம் எடுத்துக் காட்டிவிட்டுப் போனது. நான் மணலில் உட்கார்ந்தேன். வேலை போனதைச் சொன்னேன். மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அப்பா, அந்த நோட்டீஸ்ல நான் கேட்டது போட்டோ. பாம்பு இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"கோப்பிக் கடைக்காரரு படிச்சுக் காட்டினாரு. ஒம்மவன் போட்டோதான் கேக்குறான் போலன்னாரு. நம்ம பக்கம் யாருகிட்டடா கேமரா இருக்கு? பாம்புதான் இருக்கு. ஒருத்தனும் வரலைன்னா, செவுரு காலியா கெடந்தா, ஒன்னய வேலைய விட்டு எடுத்துருவான்ல? அதான் நானே மூணு பேரு வீட்டுக்கும் போயி, உசுரோடதான் கேட்டிருக்காங்கன்னு சொன்னேன்."

"அப்ப எல்லாரும் தெரிஞ்சுதான் வந்தாங்களா?"

"மாட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. சொல்லிடாத." டின் மூடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார். "நீ எழுதினது அப்படியும் அர்த்தம் வருமில்ல?"

"வரும்பா."

"அப்ப தப்பு இல்ல" என்று எழுந்து, காலி டின்கள் மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்.

என் கடைசிச் சம்பளத்தில் பாம்புக்காரர்களுக்கும் தச்சருக்கும் பிடித்தது, அப்பா மூன்று நாள் இழந்த கூலி, பஸ் காசு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு பத்தொன்பது வெள்ளி ஐம்பது காசு. அப்பாவுக்குக் கிடைத்த இரண்டு வெள்ளி அன்பளிப்பும் என் சம்பளத்திலிருந்தே போனது என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.